சாய்ந்த சுவருக்குப் பின்னால்

“அண்ணா, பின்பக்கத் தடுப்புச் சுவர் முன்னாடி சாயுற மாதிரி தெரியுது. ஒரு எட்டு வந்து பாக்குறீங்களா?”

ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை ஒன்றில், இரண்டு தெரு தள்ளியிருக்கும் தம்பி போன் செய்தார். மெல்பர்னுக்குக் கிழக்கே, டண்டினாங் மலையடிவாரத்தில் எங்கள் வீடுகள். இங்கே சமதளமான மனை கிடைப்பது அரிது. சரிவை வெட்டித் தளம் எடுத்து வீடு கட்டுகிறார்கள். வெட்டிய இடத்து மண் சரிந்து வராமலிருக்க, ஸ்லீப்பர் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவர் எழுப்புகிறார்கள்.

ஸ்லீப்பர் என்றால் தண்டவாளத்துக்கு அடியில் கிடக்குமே, அந்தக் கட்டைதான். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாரா மரத்தில் அறுத்த கட்டைகள் 19ஆம் நூற்றாண்டிலேயே கப்பலேறி இந்திய ரயில் பாதைகளுக்கு வந்திருக்கின்றன. தோட்டச் சுவருக்கு இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் மருந்தேற்றிய பைன் மரம்: 2.4 மீட்டர் நீளம், 200 மி.மீ. அகலம், 50 அல்லது 75 மி.மீ. கனம். ரயிலைப் பார்த்தே இராத கட்டைக்கும் ஸ்லீப்பர் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

தம்பி வீட்டுச் சுவர் நான்கு கட்டை உயரம், அதாவது 800 மி.மீ. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். உச்சி நான்கு விரல் வெளியே வந்திருந்தது. “மரம் உளுத்துப்போச்சாண்ணா?” என்றார். ஸ்க்ரூடிரைவரால் அங்கங்கே குத்தினேன். நடுவிலெல்லாம் உறுதி. அறுத்த முனைகளில் மட்டும் டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி உள்ளே இறங்கியது. அது தனிக் கதை, பிறகு வருகிறேன். சுவருக்குப் பின்னால் ஒரு முழம் தோண்டினேன். களிமண் கட்டையோடு ஒட்டி அப்பிக் கிடந்தது. ஜல்லி இல்லை, குழாய் இல்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழிக்குள் தண்ணீர் ஊறிக் கால்வாசி நிறைந்தது. மழை விட்டு மூன்று நாள் ஆகியிருந்தது.

அதற்குள் தம்பி வீட்டுத் தங்கச்சி டீ கொண்டுவந்தார். பின்வாசல் படியிலேயே உட்கார்ந்தோம். தட்டில் கொஞ்சம் சர்க்கரையைக் கொட்டச் சொன்னேன். குவியலாக நின்றது. எவ்வளவு கொட்டினாலும் பக்கங்கள் ஏறத்தாழ ஒரே சரிவில்தான் நிற்கும். உலர்ந்த மணலும் அப்படித்தான், 30 முதல் 35 பாகை. குவியலின் நடுவில் ஒரு பிஸ்கட்டை நிறுத்தி, முன்பாதியை ஸ்பூனால் வழித்தெடுத்தேன். “இந்த பிஸ்கட் மொத்தச் சர்க்கரையையும் தாங்கலை தம்பி. தானா நிக்க முடியாத அந்த ஆப்பு மாதிரி துண்டைத்தான் தாங்குது.” சுவரின் வேலையும் அதுதான்.

அந்தத் துண்டு எவ்வளவு தள்ளும்? மண் துகள்கள் ஒன்றோடொன்று உரசிப் பிடித்துக்கொள்வதால், மேலிருந்து அழுத்தும் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பக்கவாட்டில் வரும். 800 மி.மீ. உயரச் சுவரில், ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 190 கிலோ. தண்ணீருக்கு அந்த உரசல் கிடையாது. தன் எடை முழுவதையும் அப்படியே பக்கத்தில் தள்ளும். பின்னால் தண்ணீர் தேங்கி உச்சிவரை ஏறினால், அதே ஒரு மீட்டரில் தள்ளுவது 400 கிலோவைத் தாண்டிவிடும். களிமண் ஈரத்தில் ஊதிப் பெருப்பது அதற்கும் மேலே. தம்பியின் சுவரைக் கட்டியவர் மண்ணுக்குக் கட்டியிருந்தார். அது ஆறு வருடமாகத் தண்ணீரையும் சேர்த்துத் தாங்கியிருக்கிறது. மரத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு கணக்கும் சொன்னேன். சுவரின் உயரம் இரண்டு மடங்கானால், தள்ளும் விசை நான்கு மடங்கு. கவிழ்க்கும் திறன் எட்டு மடங்கு. “இன்னும் ரெண்டு கட்டை ஏத்திக்கலாம்” என்று யாராவது சாதாரணமாகச் சொன்னால் எனக்குப் பதறுவது இதனால்தான்.

நம் ஊர் ஏரிக்கரையை நினைத்துப் பாருங்கள். கரையை உயர்த்தியவர்கள் கூடவே கலிங்கும் கட்டினார்கள். மிஞ்சிய தண்ணீருக்கு வழி விட்டால்தான் கரை நிற்கும் என்று தெரிந்தவர்கள். ஸ்லீப்பர் சுவருக்கும் ஒரு கலிங்கு வேண்டும்.

பழைய சுவரைப் பிரித்துப் புதிதாகக் கட்டுவது என்று முடிவானது. கம்பத்துக்குக் குழி, சுவரின் உயரம் எவ்வளவோ குறைந்தது அவ்வளவு ஆழம். 800 மி.மீ. சுவருக்கு 800 மி.மீ. குழி. பழைய குழிகளை அளந்தால் 400தான் இருந்தது. கம்பம் துத்தநாகம் பூசிய ‘எச்’ வடிவ எஃகு. கட்டைகளின் முனைகள் அதன் காடிக்குள் இறங்கி உட்காரும். 2.4 மீட்டர் கட்டையைப் பாதியாக அறுத்து, 1.2 மீட்டருக்கு ஒரு கம்பம் என்று வைத்துக்கொண்டோம். கம்பத்தை மண் பக்கம் துளி சாய்த்து நடுவது என் வழக்கம். சுமை ஏறும்போது கொஞ்சம் முன்னால் வரத்தான் செய்யும். அதற்கு இடம் விட்டுவைப்பது.

பிறகு, வெளியே தெரியாத வேலை. காசு இங்கேதான் போக வேண்டும். சுவருக்குப் பின்னால் ஓர் அடி அகலத்துக்கு மண்ணை எடுத்துவிட்டு, மண்ணின் முகத்தில் ஜியோடெக்ஸ்டைல் துணியை விரிக்க வேண்டும். தண்ணீரை விடும், சேற்றை விடாது. அடியில் துளையிட்ட 100 மி.மீ. குழாய். இங்கே அதை ஏஜி பைப் என்பார்கள். கடைக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் போதும். அதை 100 மீட்டருக்கு ஒரு மீட்டர் வாட்டத்தில் போட்டு, மேலே முக்கால் ஜல்லியைக் கொட்டி, துணியை மடித்து மூடி, மேல் அரை அடிக்கு மட்டும் தோட்டமண். குழாயின் முனை மழைநீர் வடிகாலில் சேர வேண்டும். பக்கத்து வீட்டுக்குள் திருப்பிவிட்டால் சட்டச் சிக்கலும் வரும், மனக்கசப்பும் வரும்.

இப்போது அந்த ரஸ்க் கதை. பைன் கட்டையை அறுத்தால் முகத்தில் இரண்டு நிறம் தெரியும்: ஓரத்தில் பச்சை, நடுவில் வெளிர் மஞ்சள். அழுத்தத்தில் ஏற்றிய மருந்து வெளிப்பக்க வெள்ளை மரத்தில்தான் ஊறும்; வயிரத்துக்குள் போகாது. அறுத்த முகத்தைப் பூசாமல் மண்ணுக்குள் விட்டால் பூஞ்சைக்கு வாசலைத் திறந்துவைத்த மாதிரி. ஒவ்வொரு வெட்டுக்கும் தூரிகையால் மருந்து பூச வேண்டும். கட்டை வாங்கும்போது சீட்டைப் பாருங்கள். எச்3 தரையில் படாத இடத்துக்கு. மண்ணில் படுவதற்குக் குறைந்தது எச்4. அதிக ஈரத்தில் சுமை தாங்குவதற்கு எச்5.

தங்கச்சி நல்ல கேள்வி ஒன்று கேட்டார்: “சுவத்தை ஒட்டிக் கீரை போடலாமாண்ணா?” சிசிஏ என்று குறித்த கட்டையில் தாமிரம், குரோமியத்தோடு ஆர்சனிக்கும் உண்டு. குழந்தைகள் விளையாடும் சாதனங்களுக்கும் நடைத்தளங்களுக்கும் 2006 முதல் ஆஸ்திரேலியாவில் அதை விடுவதில்லை. கீரைப் பாத்தி வேண்டுமென்றால் ஆர்சனிக் இல்லாத ஏசிகியூ கட்டை வாங்குங்கள் என்றேன். பழைய துண்டுகளை மட்டும் அடுப்பிலோ குப்பையிலோ போட்டு எரிக்கவே கூடாது; சாம்பலில் விஷம் தங்கிவிடும்.

விக்டோரியாவில் ஒரு மீட்டருக்குக் குறைந்த சுவருக்குப் பொதுவாகக் கட்டட அனுமதி தேவையில்லை. பக்கத்து மனையைக் காப்பதற்கான சுவர் என்றால் கதை வேறு. முதலில் விசாரித்துவிட வேண்டும். கடப்பாரையைத் தொடுவதற்கு முன், ‘பிஃபோர் யூ டிக்’ இலவசச் சேவையில் காஸ், மின்சார வரைபடத்தையும் வாங்கிவிட்டோம்.

மூன்று வார இறுதிகளில் சுவர் எழுந்தது. ஏஜி பைப்பின் மேல்முனையை மட்டும் புதைக்காமல், செங்குத்தாக மேலே கொண்டுவந்து மூடி போட்டிருக்கிறோம். வருடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து, செடிக்கு விடும் ஹோஸை உள்ளே விட்டு அலச வேண்டும். மறுமுனையில் தண்ணீர் தெளிவாக வரும்வரை.