ஆபீஸ் நாற்காலி உங்களுக்குப் பொருந்துகிறதா?

உத்திரமேரூர் என்றதும் குடவோலைக் கல்வெட்டுதான் ஞாபகத்துக்கு வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டியவை. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம் என்று, யார் எந்த வேலையைப் பார்ப்பது என்பதைச் சுவரிலேயே எழுதி வைத்த ஊர் இது.

இன்று இந்த ஊரில் தாலுகா ஆபீஸ், பாங்க், ஜவுளிக்கடை என்று பல இடங்களில் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். யாருக்கு எந்த வேலை என்பது முடிவாகிவிடுகிறது. எப்படி உட்கார்ந்து செய்வது என்பதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. "உனக்குக் கவனமே இல்லையேம்மா" என்று மேலதிகாரி கடிந்து கொள்கிறார். பல சமயம் குற்றம் அந்தப் பெண்ணிடம் இல்லை, நாற்காலியிலும் வெளிச்சத்திலும்தான்!

நின்றே ஓய்ந்த கால்கள்

நாள் முழுக்க நின்றால் கால் வீங்கும், இடுப்பு வலிக்கும், காலில் நரம்பு சுருளும். கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடி, 2018-ல் சட்டம் வரச் செய்தார்கள். தமிழ்நாட்டிலும் 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22ஏ என்ற பிரிவு சேர்ந்தது. ஊழியர் அனைவருக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்கிறது அது. ஆகவே ஸ்டூல் கேட்பது சலுகை அல்ல, உரிமை.

உங்கள் அளவு என்ன?

சேலை எல்லோருக்கும் ஒரே அளவாக இருக்கலாம்; நாற்காலி அப்படி இருக்க முடியாது. உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும். எட்டவில்லையா? கீழே ஒரு மணை போடுங்கள். முழங்கை மேஜை உயரத்துக்கு இருக்கட்டும். வலது கையால் எழுதுகிறவருக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வர வேண்டும். இடது கைக்காரருக்கு வலப்பக்கமிருந்து. கம்ப்யூட்டர் திரை கை நீட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஜன்னல் அதற்குப் பக்கவாட்டில் இருந்தால் கண் கூசாது. வீட்டில் தையல் மெஷின் ஓட்டுகிறவர்களுக்கும் இதேதான்.

கணக்குப் போடுகிறவரைக் கூட்டம் நிற்கும் கவுண்டர் அருகே வைத்தால் கூட்டலில் பிழை வராமல் என்ன செய்யும்? மூலை மேஜையை அவருக்குக் கொடுக்கலாம். தனி மேஜைக்கு இடம் இல்லாவிட்டால், காலையில் ஒரு மணி நேரம் அவரை யாரும் கூப்பிடுவதில்லை என்று பேசி வைத்துக் கொள்ளலாம். செலவே இல்லை.

கைக்குழந்தைக்காரிக்கு

பேறுகால விடுப்பு முடிந்து திரும்புகிற தாய்க்குப் பால் கட்டி மார்பு கனக்கும். அந்த நேரத்தில் ஃபைலில் மனம் நிற்குமா? பால் எடுக்கத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, ஒரு நாற்காலி, கை கழுவத் தண்ணீர் போதும். கழிப்பறை இதற்கு ஏற்ற இடம் அல்ல. எடுத்த பாலைச் சுத்தமான பாத்திரத்தில் மூடி ஃபிரிஜ்ஜில் வையுங்கள். நம் ஊர் வெயிலில் வெளியே வைப்பது ஆபத்து. பஸ் நிலையங்களிலேயே பாலூட்டும் அறைகள் 2015-ல் வந்துவிட்டன. ஆபீசில் ஏன் முடியாது? ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் தினம் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017-ன் சட்டத் திருத்தம் வழி செய்தது.

கழிப்பறை சரியில்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! நீர்க்கடுப்பும் தலைவலியும்தான் மிச்சம். சுத்தமான கழிப்பறையும் வேலைக்கான சாதனந்தான்.

கேட்பது எப்படி?

தனியாகக் கேட்கத் தயக்கமா? நாலு பேர் சேர்ந்து, இன்னின்னது வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஸ்டூல், லைட், தாழ்ப்பாள் என்று செலவு குறைந்ததை முதலில் எழுதுங்கள். கர்ப்பிணி, முழங்கால் வலிக்காரர் என்று அவரவர் தேவையையும் சேருங்கள். அம்மா வலியில்லாமல் வீடு திரும்பினால் பிள்ளைகளுக்கும் சிரித்த முகம் கிடைக்கும்.