சட்ட உதவி: நம் வழக்கறிஞர் எங்கே?

ரஞ்சன்குடிக் கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பெரம்பலூர் நீதிமன்றத்துக்கு வரும் நம் மக்கள் எங்களிடம் முதலில் கேட்பது, "வருமானச் சான்று இல்லாமல் இலவச வக்கீல் கிடைப்பாரா?" என்பதே. கிடைப்பார். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கு வருமான வரம்பு எதையும் விதிக்கவில்லை. சாதிச் சான்று போதும்.

இச்சட்டம் நடைமுறைக்கு வர எட்டு ஆண்டுகள் ஆயின. 1994இல் ஒரு திருத்தம் கண்டு, 1995 நவம்பர் 9 அன்றுதான் அமலுக்கு வந்தது. அடுத்து வந்த 2002 திருத்தமே சர்ச்சைக்குரியது. மக்கள் நீதிமன்றம் இருதரப்பும் ஒப்புக்கொண்டால் மட்டுமே தீர்க்கும். இல்லையேல் வழக்கு நீதிமன்றத்துக்கே திரும்பும். இதைக் குறையெனக் கருதிய அரசு, மின்சாரம், குடிநீர், போக்குவரத்து போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு நிரந்தர மக்கள் நீதிமன்றங்களைக் கொண்டுவந்தது. அங்கே உடன்பாடு எட்டாவிட்டாலும் அந்த மன்றமே தீர்ப்பளிக்கும், மேல்முறையீடு கிடையாது. உச்ச நீதிமன்றம் 2012இல் இதை ஏற்றது. சேரிக்குக் குடிநீர் இணைப்பு மறுக்கப்படும்போது இது பயன்படலாம் என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஆனால் 'சமரசம்' என்ற சொல் நம் ஊர்களில் எப்படிப் புழங்குகிறது என்பதை நாம் அறிவோம். புகார் கொடுத்த மறுநாளே ஊர்ப் பெரியவர்கள் திண்ணையில் வந்து அமர்ந்துவிடுவார்கள். ஆகவே ஒன்றை உறுதியாகச் சொல்கிறோம்: வன்கொடுமைத் தடுப்புச் சட்டக் குற்றங்கள் சமரசத்துக்கு உட்பட்டவையல்ல. எந்த மக்கள் நீதிமன்றத்துக்கும் அவற்றின் மீது அதிகாரம் இல்லை.

2015இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2016 ஜனவரி 26 முதல் அமலான திருத்தம் அச்சட்டத்தில் 15ஏ பிரிவைச் சேர்த்தது. பிணை மனு உட்பட வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவருக்கு முன்னறிவிப்புத் தர வேண்டும். அவர் தரப்பைக் கேட்க வேண்டும். இந்த முன்னறிவிப்பு கட்டாயமென உச்ச நீதிமன்றம் 2021இல் கூறியது.

அறிவிப்பு வந்தபின் நீதிமன்றத்தில் பேசுவது யார்? 2022இல் தொடங்கிய சட்ட உதவித் திட்டம் முழுநேர வழக்கறிஞர்களை நியமிக்கிறது, எதிரிகளின் தரப்புக்கு. சிறையிலிருப்பவருக்கு வழக்கறிஞர் வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தில்லை. அந்தச் சிறைகளில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பாதிக்கப்பட்டவருக்கோ பட்டியல் வழக்கறிஞர்தான். அவருக்கும் முழுநேர வழக்கறிஞரை உறுதிசெய்யும் திருத்தமே அடுத்து நாடாளுமன்றத்துக்கு வர வேண்டும்.

அதுவரை ஒரு வழி இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995, விதி 4(5)இன்படி, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் அரசுச் செலவில் மூத்த வழக்கறிஞரை மாவட்ட ஆட்சியர் அமர்த்தலாம். மனுவை எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.