கடந்தவர் எழுதி வைத்த வழி

வீடியோ கேம் இணையதளம் என்றதும், புதிதாக வந்த விளையாட்டுக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, காசு கொடுத்து வாங்கலாமா கூடாதா என்று சொல்லும் மதிப்புரையே பலருக்கு நினைவு வரும். ஆனால் இவ்வெழுத்து வகை அதைவிடப் பழைய, எளிய தேவை ஒன்றிலிருந்து பிறந்தது. ஒரு கட்டத்தைத் தாண்டிய ஆட்டக்காரர், அதே கட்டத்தில் சிக்கி நிற்கும் இன்னொருவருக்கு வழி சொல்லும் பழக்கமே அதன் வேர்.

அந்த வழிக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதற்கு ஜப்பானிய நிறுவனமான கொனாமியின் ‘குறியீடு’ நல்ல சான்று. ‘கிரேடியஸ்’ என்னும் விண்கல விளையாட்டை 1986-இல் வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைக்கும் விளையாட்டுப் பெட்டிக்கு ஏற்ப மாற்றிக்கொண்டிருந்த கசுஹிசா ஹஷிமோட்டோ, சோதித்துப் பார்ப்பதற்குக்கூட அது தமக்குக் கடினமாக இருந்ததால், மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று பொத்தான்களை வரிசையாக அழுத்தினால் எல்லா ஆயுதங்களும் கைக்கு வரும்படி ஒரு குறுக்குவழி வைத்தார். அதே வரிசை கொனாமியின் மற்றொரு விளையாட்டான ‘கான்ட்ரா’வில் முப்பது உயிர்களைத் தந்தது. இத்தகைய இரகசியங்களை அச்சிட்டே விளையாட்டு நிறுவனமான நின்டெண்டோ 1988-இல் அமெரிக்காவில் ஓர் இதழைத் தொடங்கியது. தொலைபேசியில் வழி சொல்லவும் சம்பளத்துக்கு ஆட்களை வைத்திருந்தது.

இணையம் பரவியதும் அந்த வேலையை ஆட்டக்காரர்களே சம்பளமின்றி ஏற்றுக்கொண்டனர். 1995 நவம்பரில் ஜெஃப் வீசி என்ற தனிமனிதர் தொடங்கிய ‘கேம்ஃபேக்ஸ்’ தளத்தில் சேர்ந்த வழிகாட்டிக் குறிப்புகள் பெரும்பாலும் படமே இல்லாத வெறும் எழுத்துக் கோப்புகளாக இருந்தன. வரிக்கு 79 எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்ற கட்டுப்பாட்டுக்குள், கூட்டல் குறியையும் நேர்கோட்டையும் அடுக்கியே நிலவறைகளின் வரைபடங்களை வரைந்தார்கள். கோலப்புள்ளி வைக்கும் பொறுமை என்றே அதைச் சொல்ல வேண்டும். இந்த ஆர்வம் பிழைப்பாகவும் மாறியதுண்டு. இங்கிலாந்தில் ரூபர்ட் லோமன், பதினாறு வயதில் தம் அண்ணன் நிக்குடன் சேர்ந்து 1999-இல் தொடங்கிய ‘யூரோகேமர்’ விளையாட்டுத் தளம் ஒரு பெருநிறுவனமாக வளர்ந்து, 2018-இல் விலைபோனது.

இந்தியாவில் கதை வேறு. இங்கே 1990-களில் ‘டிவி கேம்’ என்ற பெயரில் வீடுகளுக்கு வந்தவற்றுள் பெரும்பாலானவை ஜப்பானியப் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல்கள். அவற்றில் செருகும் கேசட்டோடு விளக்கக் கையேடு எதுவும் வராது; மேலட்டையில் ‘9999 இன் 1’ என்றிருந்தாலும், உள்ளே சில விளையாட்டுகளே எண்ணை மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வரும். படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி ஊதி மீண்டும் செருகுவது வழக்கம். உண்மையில் பலன் தந்தது கழற்றிச் செருகியதே. மூச்சின் ஈரம் உள்ளிருந்த உலோகப் பற்களைக் கெடுக்கத்தான் செய்தது. ஆனாலும் அந்த ‘வைத்தியம்’ வாய்வழியாகவே ஊர் ஊராகப் பரவியது. பின்னர் பிரவுசிங் சென்டரிலும், இப்போது யூடியூபிலும் தமிழர்கள் விளையாட்டைப் பற்றி ஓயாமல் பேசுகிறார்கள் என்றாலும், தேடி எடுத்து வரிவரியாகப் படிக்கத்தக்க தமிழ் எழுத்தாக அந்தப் பேச்சு மாறியது குறைவு.

இந்தக் குறையைத் தமிழரின் விளையாட்டு ஒன்றே கதைப்பொருளாக எடுத்துக்கொண்டது வியப்புக்குரியது. டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’, 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் தம்பதியையும் அவர்கள் மகன் கவினையும் பற்றியது. வெண்பாவுக்கு அவள் அம்மா கொடுத்த சமையற்குறிப்பு நோட்டு கறைபட்டு, வரிகள் அழிந்துபோயிருக்க, இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது, புட்டுக்குழலில் எதை முதலில் போடுவது என்று ஆடுபவரே ஊகித்துச் சமைக்க வேண்டும். அந்த நோட்டை, பாதி அழிந்த ஒரு வழிகாட்டிக் குறிப்பு என்றே கொள்ளலாம். சிக்கி நிற்பவர் மகள், முன்பே கடந்தவர் தாய். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதை இதற்கு வழங்கியது.

விளையாட்டைப் பற்றிய தமிழ் எழுத்து பிறக்க வாய்ப்புள்ள இடங்களுள் ஒன்று, புட்டுக்குழலை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லாத எருத்தேன்பதி. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், கோவை எல்லையை ஒட்டித் தமிழ் பேசுவோர் நிறைந்திருக்கும் இவ்வூராட்சி உள்ள கேரளத்தில், கணினிக் கல்வி பள்ளிப் பாடத்தின் பகுதியாகவே இருக்கிறது. அரசு நிறுவனமான ‘கைட்’ 2018-இல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்களில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், கட்டளைகளை வண்ணக் கட்டைகளாகக் கோத்து நிரல் எழுத உதவும் ‘ஸ்கிராட்ச்’ வழியாகச் சிறு விளையாட்டுகளைத் தாங்களே செய்து பார்க்கிறார்கள். விளையாட்டு எப்படிச் செய்யப்படுகிறது என்று அறிந்த கைக்கு, அதைப் பற்றி எழுதுவது பெரிய தூரமில்லை.

தமிழில் கேம்ஃபேக்ஸ் போன்ற ஒரு வழிகாட்டித் தளம் தொடங்குபவர் லெவல், லைஃப் போன்ற சொற்களுக்குப் புதுச்சொல் தேடி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. ஆடுபவர்கள் புழங்கும் சொற்கள் அவை. உண்மையான இடர் வேறிடத்தில் இருக்கிறது. ‘ர’வும் ‘ஞ’வும் ஒரே அகலத்தில் அமைவதில்லை என்பதால், 79 எழுத்துக் கணக்கில் வரைந்த நிலவறை வரைபடத்தில் தமிழ்ப் பெயர் எழுதியதுமே சுவர்கள் இடம்பெயர்ந்துவிடும். வரைபடத்தை மட்டும் கோடு போட்ட நோட்டில் வரைந்து, படம் பிடித்துத்தான் சேர்க்க வேண்டியிருக்கும்.