உங்களுக்குத் தெரியுமா? சாதுவான வீட்டுக்கு எந்த நாய்?

கேமரன் மலையின் லெம்பா பெர்த்தாமில் கொழுந்து பறித்துவிட்டு வந்தவருக்கும், காய்கறித் தோட்டத்தில் நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்தவருக்கும் அந்தி நேரத்தில் மேட்டுப் பாதையில் ஒரு மணி நேரம் நாயோடு ஓடத் தெம்பு இருக்காது. வாசலில் உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ளும் நாய்தான் அவர்களுக்குப் பொருத்தம். அப்படிப்பட்ட நாயைத் தேடுவோருக்காக இந்த வாரத் துணுக்குகள்.

*

"மலையில் குளிர்தானே, ஹஸ்கி வளர்த்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. கேமரன் மலையில் பகல் வெப்பம் 25 பாகையைத் தாண்டுவது அரிதுதான். ஆனால் குளிர் கிடைத்தால் மட்டும் ஹஸ்கிக்குப் போதாது, ஓட்டமும் வேண்டும். பனியில் வண்டி இழுத்து நெடுந்தூரம் ஓடுவதற்காகவே சைபீரியாவில் உருவாக்கப்பட்ட இனம் அது. 1925-இல் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, 20 ஓட்டுநர்களும் சுமார் 150 நாய்களும் ஆள் மாற்றி ஆள், அணி மாற்றி அணியாக 1,085 கிலோமீட்டர் தூரத்தை ஐந்தரை நாளில் கடந்து மருந்தைக் கொண்டு சேர்த்தார்கள். அந்த வம்சத்தை லயத்து வாசலில் கட்டிப்போட்டால் மண்ணைத் தோண்டும், ஊளையிடும், வேலியைத் தாண்டும். அதற்கு அந்த நாயைத் திட்டுவது நியாயமே இல்லை.

*

உலகிலேயே வேகமாக ஓடும் நாய் வீட்டுக்குள் பெரும் தூங்குமூஞ்சி. கிரேஹவுண்ட் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தை எட்டும், ஆனால் அது குறுந்தொலைவு ஓட்டக்காரர். நாளுக்கு இரண்டு நடை, எப்போதாவது வேலியிட்ட இடத்தில் ஒரு பாய்ச்சல், மிச்ச நேரமெல்லாம் மெத்தை. உடம்பில் கொழுப்பும் முடியும் குறைவு என்பதால் பெர்த்தாமின் இரவுக் குளிருக்கு அதற்குச் சட்டை போடவேண்டி வரும்.

*

சின்ன நாய் என்றால் அமைதியான நாய் என்று பொருளல்ல. ஜாக் ரஸ்ஸல் டெரியர் ஏழெட்டுக் கிலோதான் இருக்கும். வளைக்குள் புகுந்து நரியை விரட்ட வளர்த்த நாய் அது, ஓய்வு என்பதே அதற்குத் தெரியாது. ஆள் உயரத்துக்கு எழுந்து நிற்கும் கிரேட் டேனோ பெரும்பாலும் சோபாவைத் தேடும். எடையைப் பார்ப்பதைவிட, அந்த இனத்தின் முன்னோர் என்ன வேலை பார்த்தார்கள் என்று விசாரிப்பதே பயன் தரும். ஆடு மேய்த்தவை, வண்டி இழுத்தவை, வேட்டைக்குப் போனவை பெரும்பாலும் வேலை கேட்கும். பெக்கினீஸ், ஷிட்சு, கேவலியர் போன்றவை மடியிலும் மாளிகையிலும் வளர்ந்தவை.

*

கேமரன் மலை வட்டாரத்து ஆற்றின் பெயரைத் தாங்கிக் கடல் கடந்துபோன நாய் ஒன்று உண்டு, தெரியுமா? அதன் பெயர் தேலோமியன்.

1963-இல் ஓர்வில் எலியட் என்ற மானிடவியலாளர் ஓராங் அஸ்லி மக்களிடம் இந்த நாய்களைப் பார்த்தார். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஜேக்சன் ஆய்வகம் இருக்கிறது. அங்கே நாய்களின் மரபையும் குணத்தையும் ஆராய்ந்துவந்த ஜான் பால் ஸ்காட்டிடம் ஒரு ஜோடி போய்ச் சேர்ந்தது. தேலோம் ஆற்றின் பெயரே இனத்தின் பெயரானது. குட்டை முடி, நிமிர்ந்த காது, நடுத்தரத்துக்கும் சற்றுக் குறைந்த உயரம். மற்ற நாய்களைப் போல ஓயாமல் குரைக்காமல், இழுத்துப் பாடுவதுபோல் குரல் எழுப்பும். எல்லாரையும் வியக்க வைத்தது ஏறும் திறன்தான். ஓராங் அஸ்லி வீடுகள் கால் நட்டு உயரத்தில் கட்டியவை. ஏணியில் ஏறித்தான் நாயும் வீட்டுக்குள் போகவேண்டும். போய், வீட்டார் சாப்பிடுவதையே தானும் சாப்பிடும்.

அந்தத் தேலோம் ஆற்றின் தண்ணீர் இன்று எங்கே வருகிறது என்று நினைக்கிறீர்கள்? 1960களின் தொடக்கத்தில் கட்டிய மின் திட்டத்துக்காக அதைச் சுரங்கம் வழியே பெர்த்தாம் ஆற்றில் திருப்பிவிட்டார்கள். ரிங்லெட் ஏரியில் நிற்பதில் அந்தத் தண்ணீரும் உண்டு. அந்த ஆற்றைப் போலவே, மனிதரோடு ஒரே கூரையின் கீழ் வாழப் பழகிய நாயும் இந்த மலைக்குப் புதிதல்ல. வெளிநாட்டு நாய்க்கு ஆயிரக்கணக்கில் ரிங்கிட் கொடுக்கும் முன் இதை நம் மக்கள் ஒருமுறை நினைத்துப் பார்க்கவேண்டும் என்பது என் ஆசை.

*

இனத்தை மட்டும் பார்த்து நாயின் குணத்தைச் சொல்லிவிட முடியாது. 2022-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வுக்கு 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் குணம்பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டார்கள். 2,155 நாய்களின் மரபணுவையும் படித்தார்கள். நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் இனத்தின் பங்கு சுமார் 9 விழுக்காடுதான். மீதியெல்லாம் அந்தந்த நாயின் இயல்பு, வளர்ந்த சூழல், வயது. கடைக்காரர் "இந்த ஜாதி ரொம்ப சாது" என்று சொன்னால், அந்தக் குட்டியின் தாயைக் காட்டச் சொல்லுங்கள்.

*

நம் ராஜபாளையம் நாய்க்கு இந்திய அஞ்சல் துறை 2005-இல் தபால் தலை வெளியிட்டது. சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாமே பெருமைக்குரிய நாய்கள்தான். ஆனால் அவை வேட்டைக்கும் காவலுக்கும் பிறந்தவை. ஓட இடமும், நேரம் ஒதுக்கும் ஆளும் இல்லாத வீட்டில் ஊர்ப்பெருமைக்காக வாங்கிக் கட்டிவைப்பது அந்த நாய்க்குச் செய்யும் கொடுமை.

*

பக், புல்டாக், பெக்கினீஸ் ஆகியவை அதிகம் ஓடாததற்குக் குணம் மட்டும் காரணமல்ல, மூச்சும் ஒரு காரணம். நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். மூக்குச் சப்பையானால் அந்த வழியே குறுகிப்போகிறது. கேமரன் மலைக் குளிர் இவற்றுக்குக் கொஞ்சம் உதவும். ஆனால் அடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கினால் கதை மாறிவிடும். வளைவுக்கு வளைவு வெப்பம் ஏறும், வயிறும் கலங்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டு "அஞ்சு நிமிஷம்தானே" என்று நாயைக் காரிலேயே விட்டுப் போனால் உயிரே போய்விடும். நெதர்லாந்தில் மிகச் சப்பையான மூக்குள்ள நாய்களை இனப்பெருக்கம் செய்வதற்கே தடை உண்டு. வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் அது தூங்கும்போது காது கொடுத்துக் கேளுங்கள். பலத்த குறட்டை வந்தால் அதை அழகென்று ரசிக்கவேண்டாம், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

*

பாசெட் ஹவுண்ட் சாது. ஆனால் தொங்கும் காதில் ஈரம் தங்கிச் சீழ் பிடிக்கும். மழை ஓயாத ஊரில் காதைத் துடைத்துவிட ஆள் வேண்டும். நீள முதுகு என்பதால் படிக்கட்டும் ஆகாது.

*

கேவலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பேனியல் அன்புக்கு அளவில்லாதது. வயதாக ஆக இதய வால்வு நோய் அந்த இனத்தில் மிக அதிகம்.

*

லாப்ரடார் சாதுதானே என்பார்கள். இரண்டு மூன்று வயது வரை அது சாது அல்ல! அதற்குப் பிறகு இன்னொரு கவலை. லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, பசி அடங்குவதோடு தொடர்புடைய ஒரு மரபணுவில் குறை இருப்பதாக 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டார்கள். எவ்வளவு போட்டாலும் கேட்கும். நடக்க விரும்பாத வீட்டில் இப்படி ஒரு நாய் சீக்கிரம் பருத்துவிடும், மூட்டும் போய்விடும்.

*

எப்போதும் படுத்தே கிடக்கும் நாய் சாதுவா, நோயாளியா? இந்த மலையில் வளர்ப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கக்கூடாது. உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் ஓசைப்படாமல் ஒடுங்கிவிடும். கொசு பரப்பும் இதயப்புழு இருந்தால் கொஞ்சம் நடந்தாலே இருமும், சோர்ந்துவிடும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்கவேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்பவேண்டும். ஈறு வெளுத்தே இருந்தாலும், சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்காவிட்டாலும், மூக்கில் இரத்தம் கசிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். சாதுவான நாய்க்குச் சாப்பாட்டுத் தட்டின் ஓசை கேட்டால் வால் ஆடும். அடையாளம் அதுதான்.

*

தேயிலை நாட்டில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது: தேநீர் நாய்க்கு ஆகாது. தேயிலையில் உள்ள காஃபின் அதன் இதயத்தைப் படபடக்க வைக்கும், அளவு கூடினால் வலிப்பு வரும். வடிகட்டிய தேத்தூளைக் குப்பையில் திறந்துபோடாதீர்கள். காய்கறித் தோட்டங்களில் தூவும் நத்தை மருந்து இன்னும் ஆபத்தானது. அதில் உள்ள மெட்டால்டிஹைடு சில மணி நேரத்திலேயே நாயைக் கொன்றுவிடும். சாதுவான நாய்தானே என்று அவிழ்த்துவிட்டு ஊர் சுற்ற விடாதீர்கள்.

*

நாளெல்லாம் சங்கிலியில் கிடக்கும் நாய் அமைதியாகாது. ஒரு கட்டத்தில் மனம் உடைந்து ஒடுங்கும், இல்லாவிட்டால் கண்டவரையெல்லாம் பார்த்துச் சீறும். மலேசியாவின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி விலங்கை வதைப்பவருக்குக் குறைந்தது 20,000 ரிங்கிட், அதிகபட்சம் 1,00,000 ரிங்கிட் அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே உண்டு. மிகச் சாதுவான இனத்துக்கும் காலையில் பதினைந்து இருபது நிமிடம், மாலையில் அதே அளவு நடை தேவை. பசியாறும் முன் தேயிலைச் செடிகளுக்கு ஊடே ஒரு சுற்று போய் வந்தாலே போதும்.

*

2012-இல் வெறிநாய்க்கடி நோய் இல்லாத நாடென்று அறிவிக்கப்பட்ட மலேசியாவில், 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் அந்த நோய் மீண்டும் தலைகாட்டியது. 2017-இல் சரவாக்கிலும் பரவியது. வாசலை விட்டு நகராத நாய்க்கும் தடுப்பூசி போடுங்கள், ஊராட்சி மன்ற உரிமமும் எடுங்கள்.

*

சாதுவான நாய்தான் வேண்டுமென்றால் குட்டியே வாங்காதீர்கள். எந்த இனத்துக் குட்டியானாலும் ஓராண்டு செருப்பைக் கடிக்கும், இரவில் அழும், வீட்டைத் தலைகீழாக்கும். நாலைந்து வயது கடந்த நாயைப் பொறுத்தவரை நீங்கள் ஊகிக்கவே வேண்டியதில்லை. அதன் குணம் கண்முன்னே நிற்கும்.

பார்க்கப் போகும்போது, நாய் எவ்வளவு துள்ளுகிறது என்று மட்டும் பார்க்காதீர்கள், எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று பாருங்கள். காய்கறி லோரி கடக்கும்போது எல்லா நாயும் எழுந்து குரைக்கும். லோரி வளைவில் திரும்பியதும் ஒரு நாய் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் படுத்துப் பெருமூச்சு விடும். இன்னொன்று அரை மணி நேரத்துக்கு வேலியோரம் நடந்துகொண்டே இருக்கும். உங்களுக்கு வேண்டியது முதல் நாய். அது ஷிட்சுவாகவும் இருக்கலாம், தோட்டத்தில் பிறந்த நாட்டு நாயாகவும் இருக்கலாம்.

1958-இல் தொடங்கப்பட்ட அம்பாங் எஸ்.பி.சி.ஏ. போன்ற காப்பகங்களில் குட்டிப் பருவம் கடந்த நாய்கள் வீடு தேடிக் காத்திருக்கின்றன. போகும்போது வீட்டிலுள்ள எல்லாரும் போங்கள், பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் மெல்ல நடக்கும்போது நாய் முந்தி இழுக்கிறதா, நின்று நின்று கூட வருகிறதா என்பதை அங்கேயே பார்த்துவிடலாம்.