குருதியைத் துப்புரவு செய்யும் கலங்களும் கதிர்வீச்சும்

வீட்டைக் கூட்டுகின்றவர் குப்பையை வெளியே கொட்டாது தம் மடியிலேயே முடிந்து வைத்துக்கொண்டால் யாது நிகழும்? குருதியைத் துப்புரவு செய்யும் கலங்களின் நிலை சில வேளைகளில் இத்தகையதே.

ஈரல், மண்ணீரல், என்பு மச்சை ஆகியவற்றின் நுண்ணிய குருதி வழிகளில் விழுங்கு கலங்கள் காவல் புரிகின்றன. ஈரலில் உள்ளவற்றைக் கூப்பர் கலங்கள் என்பர். குருதியில் வரும் நோய்க்கிருமிகளையும், முதிர்ந்த செங்குருதிக் கலங்களையும், அந்நியத் துணிக்கைகளையும் இவை பற்றி விழுங்கும். விழுங்கிய பொருள் சமிக்கத்தக்கதாயின் சிதைந்து மறையும். அன்றேல் அங்கேயே தங்கிவிடும்.

இவ்வியல்பினால் விளைந்த துயர வரலாறொன்று உண்டு. தோரியம் ஒட்சைட்டின் நுண்துணிக்கைகள் மிதக்கும் தோரொட்ராஸ்ட் என்னும் திரவம், எக்ஸ் கதிர்ப் படத்தில் குருதிக் குழாய்களைத் தெளிவாகக் காட்டியது. போர்த்துக்கல் நாட்டு மருத்துவர் எகாஸ் மோனிஸ் 1931ஆம் ஆண்டில் மூளையின் நாடிகளைப் படம்பிடிக்க இதனைக் கையாண்டார். ஊசி ஏற்றியதும் நோயாளிக்குத் தீங்கு பெரிதும் தோன்றாமையால், 1930களிலும் 1940களிலும் பல நாடுகளில் இது வழங்கிற்று.

விழுங்கு கலங்கள் தம் கடமையில் வழுவவில்லை. குருதியிலிருந்து துணிக்கைகளை அகற்றின. ஆனால் உடலிலிருந்து அகற்ற அவற்றால் இயலவில்லை. தோரியத்தின் அரைவாழ்வுக் காலமோ ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். அது வெளிவிடும் அல்பாக் கதிர் இழையத்தினுள் ஒரு மில்லிமீற்றரில் பத்திலொரு பங்குதானும் செல்லாது. ஆதலின் அதன் ஆற்றல் முழுவதும் அண்டைக் கலங்களையே வாழ்நாள் முழுவதும் தாக்கிற்று.

மண்ணீரல் சுருங்கித் தழும்பேறியது. சிலரில் அது குருதியைத் துப்புரவு செய்யும் ஆற்றலையே இழந்தது. அவ்வாற்றல் குன்றியவரை நியுமோனியாக் கிருமி போன்றவை எளிதில் தாக்கும். ஈரலிலோ இருபது முப்பது ஆண்டுகள் கழிந்தபின் புற்றுநோய் தலைகாட்டியது. குருதிக் குழாயின் உட்படலத்தில் எழும் மிக அரிய புற்றுநோயும் அவற்றுள் ஒன்று. 1950களில் இம்மருந்து கைவிடப்பட்ட பின்னரும், முன்னர் அதனை ஏற்றவர்களிடையே நோய் தொடர்ந்து தோன்றியது.

கலங்களின் அதே பண்பை மருத்துவர் இன்றும் பயன்கொள்கின்றனர். ஈரலையும் மண்ணீரலையும் படம்பிடிக்கத் தெக்னீசியம்-99எம் சேர்ந்த நுண்துணிக்கைகளை ஏற்றுகின்றனர். அதன் அரைவாழ்வுக் காலம் ஆறு மணித்தியாலம். அது அல்பாக் கதிரை வெளிவிடுவதுமில்லை. துணிக்கை கலத்தினுள் தங்கினும் அதன் கதிர்வீச்சு ஓரிரு நாளில் பெரும்பாலும் அடங்கிவிடும். காவற் கலம் எதனையும் ஆராயாது விழுங்கும். ஆராயும் பொறுப்பு ஊசியைக் கையிலேந்தியவருடையது.