கொம்யூன் பூங்கா யாருடையது?

புதுச்சேரிப் பட்டணத்தாருக்கு மாலையில் உலாவப் பாரதி பூங்கா இருக்கிறது. 1826-ம் வருஷத்தில் பிரெஞ்சுக்காரர் ஏற்படுத்திய தாவரத் தோட்டம் இருக்கிறது. கடற்கரையைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? ஆனால் வில்லியனூரிலும் பாகூரிலும் பொதுஜனங்களுக்கென்று ஒரு பூங்கா வேண்டும் என்று யாரேனும் பிரஸ்தாபித்தால், "வயலும் தோப்பும் ஏரியும் உள்ள கிராமவாசிக்குப் பூங்கா எதற்கு?" என்ற கேள்விதான் முதலில் எழுகிறது.

இக்கேள்வி கிராமத்தை அறியாதோர் கேட்கும் கேள்வி என்பது நமது அபிப்பிராயம். வயல் ஒருவருடையது, தோப்பு மற்றொருவருடையது. கூலி வேலை முடித்து வரும் பெண் தன் குழந்தையோடு அரை மணி நேரம் யாதொரு கேள்வியுமின்றி உட்காரக்கூடிய இடம் எது? ஊர்த் தெருவில் உள்ளவரும் சேரியில் உள்ளவரும் ஒரே மரத்தடியில் அமரக்கூடிய இடம் எது? வில்லியனூரோ இப்போது பாதி பட்டணமாகிவிட்டது. திருக்காமீசுவரர் கோயில் வீதிகளையும் லூர்து மாதா கோயில் குளத்தையும் விட்டுச் சற்று அப்பால் சென்றால் மனைக் கற்களும் புது வீடுகளுமே கண்ணுக்குத் தென்படுகின்றன. பையன்கள் சாலையில் பந்தாடுகிறார்கள். லாரி வந்தால் ஒதுங்கி நின்று, போன பின் மறுபடியும் ஆடுகிறார்கள்.

ஆகவே பூங்கா அவசியம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. அதை யார் யோசித்து, யார் பணத்தில் அமைப்பது என்பதே நாம் இங்கு ஆராய விரும்பும் விஷயம். அதிகாரிகள் தாமாகவே வரைபடம் போட்டு, குத்தகைக்காரரிடம் விட்டு, ஒரு நாள் நாடா வெட்டித் திறந்த பூங்காக்கள் பலவற்றை நாம் கண்டிருக்கிறோம். முதல் வருஷம் புல் பச்சையாயிருக்கும். இரண்டாம் வருஷம் ஊஞ்சலின் சங்கிலி அறும். மூன்றாம் வருஷம் வாயிலில் பூட்டுத் தொங்கும். திறப்பு விழாக் கல்வெட்டு மட்டும் எழுத்து அழியாமல் நிற்கும்! கட்டுவதற்குப் பணம் ஒதுக்கியவர்கள் தண்ணீர் ஊற்றுவதற்கு ஒதுக்கவில்லை. அங்கே எது வேண்டும் என்று ஊராரைக் கேட்கவுமில்லை. கேட்டிருந்தால், புல்தரையை விட நாலு புங்க மரமும், பெண்களுக்கு ஒரு கழிப்பிடமும், இருட்டாத ஒரு நடைபாதையும் போதும் என்று சொல்லியிருப்பார்கள்.

ஊரார் கூடித் தோட்டத்தை நிர்வகிப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், அவ்வூர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டுக் குடவோலை மூலம் வாரியங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டதைக் கூறுகின்றன. ஏரி வாரியத்துக்கு 6 பேர். தோட்ட வாரியத்துக்கோ 12 பேர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடவோலைக்குத் தகுதியற்றவர் என்பது விதி. அந்தச் சபையில் நிலமில்லாதவருக்கும் பெண்களுக்கும் இடமில்லை. அதை நாம் பின்பற்ற வேண்டுவதில்லை. கணக்கைப் பற்றிய விதியையோ இன்றே எடுத்துக் கொள்ளலாம்.

பாகூரிலேயே இதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்துப் பாகூர்ச் செப்பேடுகள், அவ்வூர் வித்தியாஸ்தானத்தின் பராமரிப்புக்காக மூன்று கிராமங்களின் வருமானம் விடப்பட்டதைத் தெரிவிக்கின்றன. கல்விச்சாலையைத் தொடங்கி வைத்ததோடு நில்லாமல், அது வருஷந்தோறும் நடப்பதற்கு வழி செய்த அந்த ஏற்பாட்டைக் கவனிக்க வேண்டும். தென்பெண்ணையின் நீரைப் பாகூர் ஏரிக்குக் கொண்டு வரும் பங்காரு வாய்க்காலைப் பற்றியும், பங்காரி, சிங்காரி என்ற பெண்களின் பெயரால் ஒரு கதை ஊரில் வழங்குகிறது. 1999-ல் ஐரோப்பிய உதவியோடு தொடங்கிய ஏரிகள் புனரமைப்புத் திட்டத்தில், புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகளுக்கும் ஊரார் சங்கங்கள் அமைக்கப்பட்டன. கரை எங்கே பலப்பட வேண்டும், எந்த மதகு ஒழுகுகிறது என்பதை எஞ்சினீயரை விடக் கரையில் நடப்பவன் அறிவான் என்பதே அந்த ஏற்பாட்டின் ஆதாரம். பூங்காவுக்கும் அது பொருந்தும். பாகூரில் ஏரிக்கரையை ஒட்டிய இடத்தையே பூங்காவாக்கலாம். புது நிலம் தேட வேண்டியதில்லை. மீன் குத்தகையிலும் மரக் குத்தகையிலும் ஒரு பங்கை அதன் பராமரிப்புக்கு நிரந்தரமாக எழுதி வைக்கலாம்.

மூலதனத்துக்கு அண்டையிலுள்ள தமிழ்நாடு ஒரு வழி காட்டுகிறது. அங்கே 'நமக்கு நாமே' திட்டத்தின் கீழ், பொதுவாக ஜனங்கள் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் மீதியைச் சர்க்கார் கொடுக்கிறது. இம்முறையில் ஓர் அபாயமும் உண்டு. சந்தா கொடுக்கக் கூடிய தெருவுக்குப் பூங்கா வரும். கொடுக்க முடியாத குடியிருப்புக்கு வராது. ஆகையால் ஏழைகளின் பங்கைக் குறைக்க வேண்டும், அவர்கள் தரும் உடலுழைப்பையும் பணமாகவே கணக்கிட வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். பிரேஸில் தேசத்துப் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989 முதல் வார்டு தோறும் ஜனங்கள் கூடி நகரசபையின் செலவை வரிசைப்படுத்தத் தொடங்கியபோது, ஏழைப் பேட்டைகளின் சாக்கடையும் குடிநீரும் முன்னுக்கு வந்தன. 1996-ல் கேரளமும் திட்டப் பணத்தில் கணிசமான ஒரு பங்கை ஸ்தல ஸ்தாபனங்களிடம் ஒப்படைத்தது.

ஸ்தல ஸ்தாபனம் என்றதும்தான் நமக்குத் துக்கம் மேலிடுகிறது. 1954-ம் வருஷம் அக்டோபர் 18-ந் தேதி, வில்லியனூர்ப் பக்கத்துக் கீழூரில் கூடி இந்தியாவோடு இணைவதா இல்லையா என்று வாக்களித்தவர்கள் யார்? பிரதிநிதி சபை அங்கத்தினரும் கொம்யூன் சபைகளின் அங்கத்தினருமே. 178 பேரில் 170 பேர் இணைப்பை ஆதரித்தார்கள். தேசத்தின் எல்லையையே நிர்ணயிக்கத் தகுதியுடையனவாயிருந்த அந்தக் கொம்யூன் சபைகளுக்கு 1968-க்குப் பின் 38 வருஷங்கள் தேர்தலே இல்லை. 2006-ல் நடந்தது, 2011-ல் காலம் முடிந்தது. 2021-ல் தேதி குறித்தும் இட ஒதுக்கீட்டு வழக்கினால் நின்று போயிற்று. 10 கொம்யூன் பஞ்சாயத்துகளும் 98 கிராமப் பஞ்சாயத்துகளும் உத்தியோகஸ்தர் வசமாயின. உத்தியோகஸ்தர் நல்லவராயிருக்கலாம், ஆனால் மாற்றலாகிப் போகிறவரிடம் ஊஞ்சலின் சங்கிலிக்கு யார் கணக்குக் கேட்பது?

தேர்தல் வரும் வரையில் ஊரார் கையைக் கட்டிக் கொண்டிருக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அறுவடை ஓய்ந்த மாசி மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பெண்கள் அடுப்பு வேலைக்குப் போகுமுன், பாகூர் ஏரிக்கரையிலும் வில்லியனூரிலும் ஒவ்வொரு கூட்டம் கூட்டலாம். அதிகாரிகளும் சட்டசபை அங்கத்தினரும் வந்து கேட்கட்டும். முதலில் பேசுவது ஊராராக இருக்கட்டும். தெருவுக்கு ஒரு ஆணும் ஒரு பெண்ணுமாக, சேரியையும் சேர்த்து, ஒரு கமிட்டி அமைத்துக் கொண்டு, வரவு செலவை மாதந்தோறும் பூங்கா அமையும் இடத்திலேயே ஒரு கரும்பலகையில் எழுதி வைக்க வேண்டும். தேர்தல் நடந்து கொம்யூன் சபை கூடும் அன்று, அக்கணக்கை அதன் முதற் கூட்டத்திலேயே ஒப்படைத்துவிடலாம்.