ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினால் வீடு காலியாகிவிடாது

வாடகைக்கு இருப்பவரை விரட்ட வீட்டுக்காரர் சண்டை போட வேண்டியதில்லை. மோட்டாரை நிறுத்தினால் போதும். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினால் போதும். கைக்குழந்தை இருக்கும் குடும்பம் இரண்டு நாளில் தானாகவே மூட்டை கட்டிவிடும். யாரும் யாரையும் விரட்டியதாகக் கணக்கில் வராது.

மத்தூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து நம் பிள்ளைகள் போச்சம்பள்ளி, பர்கூர், ஓசூர் சிப்காட்டுகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். அங்கே வீடு தேடும்போது வாடகை எவ்வளவு என்பது இரண்டாவது பேச்சுதான். முதல் பேச்சு, “எந்த ஊரு? ஊருக்குள்ளயா, காலனியா?” என்பது. சொன்னால் வீடு இல்லை. சொல்லாமல் குடிபோனால், ஒரு கல்யாணப் பத்திரிகையோ சுவரில் மாட்டிய அம்பேத்கர் படமோ சொல்லிவிடும். அதன்பிறகு “மோட்டார் ரிப்பேர்” என்பார்கள்; ரிப்பேர் நம் குழாய்க்கு மட்டும்தான் இருக்கும்.

இது புதிய கதை அல்ல. 1917இல் வெளிநாட்டில் படித்துத் திரும்பிய அம்பேத்கர், பரோடா அரசில் வேலைக்குச் சேர்ந்தபோது தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேறச் சொன்னது. அன்று அவர் கையில் சட்டம் இல்லை. இன்று நம் கையில் இருக்கிறது. அதில் பெரும்பகுதி அவர் போட்ட அடித்தளத்தின்மேல் எழுந்தது.

ஓசூர், கிருஷ்ணகிரி போன்ற நகரங்களில் குடியிருப்போர், வீட்டு உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் இச்சட்டத்தின் 20ஆம் பிரிவு, குடிநீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு, துப்புரவு வசதி போன்ற அத்தியாவசியச் சேவைகளை வீட்டுக்காரர் தானாகவோ ஆள் வைத்தோ நிறுத்தக் கூடாது என்கிறது. நிறுத்தினால், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரியான வாடகை ஆணையரிடம் மனுக் கொடுக்கலாம். விசாரணை முடியும்வரை சேவையை உடனே தரும்படி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. வாடகை பாக்கி என்றால் வீட்டுக்காரர் போக வேண்டிய இடம் நீதிமன்றம். ஃபியூஸ் பெட்டி அல்ல.

நகரமோ கிராமமோ, மின்சாரச் சட்டம் எங்கும் பொருந்தும். 2003ஆம் ஆண்டின் அச்சட்டத்தில் 43ஆம் பிரிவு, மின் இணைப்புக் கேட்கும் உரிமையை உரிமையாளருக்கு மட்டுமல்ல, குடியிருப்பவருக்கும் தருகிறது. 2022 மே மாதம், மகாராஷ்டிரத்திலிருந்து வந்த திலீப் – சதீஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. மின்சாரம் அடிப்படை வசதி. வீட்டுக்காரர் தடையின்மைச் சான்று தரவில்லை என்பதற்காக வாடகைதாரருக்கு அதை மறுக்க முடியாது. மனுதாரர் அங்கே குடியிருக்கிறாரா என்று பார்த்தால் போதும் என்பதே அதன் சாரம்.

சாதியைக் காரணமாக்கித் தண்ணீரை நிறுத்தினால் அது வெறும் வாடகைத் தகராறு அல்ல, குற்றம். தீண்டாமையின் பேரில் ஒரு பகுதியில் குடியிருக்க விடாமல் தடுப்பது, 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரியது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(g) பிரிவு, அவர்கள் நிலம், வீடு, தண்ணீர் மீதான உரிமையை அனுபவிக்கவிடாமல் குறுக்கிடுவதை வன்கொடுமை என்கிறது. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை. முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 2018ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. ஆனால் சாதிதான் காரணம் என்பதைக் காட்ட வேண்டும். அதற்குச் சாட்சி வேண்டும்.

நம் ஆட்கள் தோற்பது இங்கேதான். வாடகையை ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ரசீது வாங்குவதில்லை. ஒப்பந்தம் எழுதுவதில்லை. “எதுக்கு வம்பு” என்று இரவோடு இரவாக வீடு மாறுகிறோம். அட்வான்ஸும் போகிறது, வழக்கும் போகிறது.

ஆகவே வாடகையை ஜிபே வழியாகவோ வங்கிக் கணக்கிலோ போடுங்கள். இணைப்புத் துண்டிக்கப்பட்ட நாள், நேரம் எழுதிவையுங்கள். மற்ற வீட்டுக் குழாயில் தண்ணீர் வருவதையும் உங்கள் குழாய் காய்ந்திருப்பதையும் படம் எடுங்கள். சாதி பேசினால் அந்த வார்த்தையை, கேட்டவர் பெயரோடு குறித்துவையுங்கள். மின்சாரம் குறித்து மின்னகம் 94987 94987க்குப் புகார் செய்து, பதிவு எண்ணை வாங்குங்கள். வன்கொடுமைக்கு 14566. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும், பெண்களுக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100இல் கேளுங்கள். கிராமத்தில் இருப்பவர்கள், நீதிமன்ற உத்தரவின்றி வெளியேற்றக் கூடாது என்று உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கோரலாம்.

படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை. உங்கள் தெருவிலிருந்து வெளியூரில் வாடகைக்கு இருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேரிடம் ரசீது இருக்கிறது என்று இந்த ஞாயிற்றுக்கிழமை கேளுங்கள். இல்லாதவருக்கு அடுத்த மாத வாடகையின்போது ரசீது கேட்கச் சொல்லிக்கொடுங்கள். மனுவை எழுதிக்கொடுக்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தாலே, பாதிப் பேர் மூட்டை கட்ட மாட்டார்கள்.